நாற்பத்தொரு வாக்கு

1963-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் ஒரு சிறு தேர்தல் நடைபெற்றது. நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலன்று; நகரத்தின் மேயரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுமன்று. கிரீனிச் வில்லேஜ் என்னும் ஒரு பேட்டையில், ஜனநாயகக் கட்சிக்கு வட்டாரத் தலைவராக யார் இருப்பது என்று அப்பேட்டையிலுள்ள கட்சி வாக்காளர்கள் தீர்மானித்த தேர்தல் அது. அப்பதவிக்குச் சம்பளம் கிடையாது. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். ஒரு பக்கம், பத்து ஆண்டுகளுக்கு முன் மேயரையும் கவர்னரையும் உருவாக்கியவர் என்று பெயர் பெற்றிருந்த கார்மைன் டி சாப்பியோ. மறுபக்கம், அப்பேட்டைக்குக் குடிவந்து பத்தாண்டுகூட நிறையாத, நாற்பது வயதை எட்டாத எட்வர்டு காச் என்ற வழக்கறிஞர். காச் வென்றார். வேற்றுமை 41 வாக்குகள்.

நாற்பத்தொரு பேர் என்றால் எங்கள் பள்ளியில் ஒரே வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள். நான் குடிமைப் பயிற்சிப் பாடம் நடத்திய காலத்தில், "ஐயா, எங்கள் அப்பா ஒருவர் வாக்களிக்காவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று ஆண்டுக்கு ஒரு மாணவனாவது கேட்பான். அவனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுவேன். கணக்கைச் சொன்னேனே தவிர, அதன் பின்னே இருக்கும் வரலாற்றைச் சொன்னதில்லை. தேர்வுக்கு அது வராது என்பது ஒரு காரணம், மணியடித்துவிடும் என்பது மற்றொரு காரணம். இன்று வானொலி நிலையத்தார் எனக்கு ஒரு முழுப் பாடவேளையைத் தந்திருக்கிறார்கள்.

வரலாற்றுக்குள் புகுமுன் அந்நாட்டு வழக்கம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாட்டில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அக்கட்சியின் உள்விவகாரம். அமெரிக்காவில் அவ்வாறன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் பதியும்போதே, தாம் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் ஒருவர் பதிந்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தவர்கள், பொதுத்தேர்தலுக்கு முன்னால், அரசாங்கமே நடத்தும் ஒரு முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்துத் தம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் வட்டாரத் தலைவர் போன்ற கட்சிப் பதவிகளும் அதே நாளில் அதே பெட்டியில் தீர்மானமாகின்றன. அங்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் கட்சியைச் சேர்ந்த ஒரு மன்றம் இருக்கும். பெரும்பாலும் ஒரு கடைக்கு மேல் மாடியில், நாற்காலிகளும் ஒரு மேசையும் போட்ட கூடம். மன்றம் யார் கையிலோ, வட்டாரம் அவர் கையில்.

இத்தகைய மன்றங்களுக்கெல்லாம் தாய்வீடாக இருந்தது டாமனி ஹால். 1789-ஆம் ஆண்டு ஒரு நட்புச் சங்கமாகத் தோன்றி, அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்ட டாமனி சங்கம், காலப்போக்கில் மன்ஹாட்டன் தீவின் ஜனநாயகக் கட்சியாகவே மாறிவிட்டது. 1840-களின் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து ஏழைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை தேடித் தந்ததும், குடியுரிமை வாங்கித் தந்ததும், வாக்குச்சாவடிக்கு வழி காட்டியதும் டாமனிக்காரர்களே. நகரின் மற்ற கனவான்கள் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. டாமனியின் தலைவர்களுள் வில்லியம் ட்வீட் என்பவர் நகரின் கருவூலத்தைச் சூறையாடி 1871-இல் வீழ்ந்தார் என்பதும், 1878-இல் சிறையிலேயே இறந்தார் என்பதும் பாடநூல்களில் உள்ளவை. திருட்டைப் பற்றிப் பாடநூல்கள் விரிவாகவே எழுதுகின்றன. இத்தனை திருடியும் எவ்வாறு நூறு ஆண்டுக்கு மேல் மக்கள் அவர்களுக்கே வாக்களித்தார்கள் என்பதைத்தான் அவை சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தருவது 1905-இல் வெளிவந்த ஒரு சிறு நூல். ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்ற டாமனி வட்டாரத் தலைவர், நீதிமன்றக் கட்டடத்தில் பாதணி துடைப்பவனுடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு வருவோர் போவோரிடம் அரசியல் பேசுவார். அதைக் கேட்டு எழுதிய வில்லியம் ரியார்டன் என்ற பத்திரிகையாளர், பிளங்கிட்டின் ஒரு நாள் அலுவலையும் குறித்து வைத்தார். நள்ளிரவு கடந்து 2 மணிக்கு வீட்டு மணி ஒலிக்கிறது. சட்டத்தை மீறியதற்காகக் கைதான ஒரு மதுக்கடைக்காரரை ஜாமீனில் எடுக்க வேண்டும். போய் எடுத்துவிட்டு 3 மணிக்குப் படுக்கிறார். காலை 6 மணிக்குத் தீயணைப்பு வண்டியின் ஓசை. தீப்பிடித்த இடத்துக்கு ஓடுகிறார். வீடிழந்தவர்களை விடுதிக்கு அழைத்துச் சென்று உணவும் உடையும் தந்து, தற்காலிகமாகத் தங்க இடம் பார்க்கிறார். எட்டரை மணிக்கு நீதிமன்றத்தில், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஆறு பேரில் நால்வருக்கு நீதிபதியிடம் ஒரு வார்த்தை, இருவருக்கு அபராதப் பணம். 9 மணிக்கு, வீட்டைக் காலிசெய்யும்படி வழக்குத் தொடரப்பட்ட ஒரு விதவைக்குத் தவணை. மற்றொரு ஏழைக் குடும்பத்துக்குத் தம் கையிலிருந்து வாடகை. வீடு திரும்பினால் நான்கு பேர் வேலை கேட்டுக் காத்திருக்கிறார்கள். பிற்பகலில் ஓர் இத்தாலியரின் சவ ஊர்வலம். உடனே ஒரு யூதரின் சவ அடக்கம். மாலையில் மன்றம், மாதாகோவில் சந்தை, மறுபடியும் மன்றம், இரவு ஒரு திருமண விருந்து. படுக்கைக்குப் போகும்போது மணி 12.

இந்தப் பகுதியை நான் முதன்முறை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது எனக்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு மூதாட்டி காலமானார். மகன் வெளியூரில், மருமகளுக்கு ஒன்றும் தெரியாது. அரைமணி நேரத்தில் வட்டாரத்துக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, ஐஸ்பெட்டி வந்தது. மயானத்துக்கு ஆள் போயிற்று. அவரே பாடைக்குத் தோள் கொடுத்தார். குடியிருப்போர் நலச் சங்கத்தில் செயலாளராக இருந்த நான், மறுநாள் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் அனுதாபம் தெரிவித்தேன். அடுத்த தேர்தலில் அந்தக் குடும்பம் யாருக்கு வாக்களித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் வந்து, ஆராய்ந்து வாக்களியுங்கள் என்று சொல்லியிருந்தால், எந்த முகத்தோடு சொல்லியிருப்பேன்?

நிற்க. பிளங்கிட்டின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நல்ல ஆசிரியனல்லன். ஓரிடத்தில் பூங்கா அமைக்க நகரம் முடிவு செய்யப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். உடனே அங்குள்ள நிலத்தை மலிவாக வாங்குவார். பிறகு நகரத்துக்கே அதிக விலைக்கு விற்பார். இதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு, இது நேர்மையான ஊழல் என்று பெயரும் வைத்தார்! விதவைக்குக் கட்டிய வாடகை எந்தப் பையிலிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். நகரத்தாரின் வரிப்பணம் பெரும்பகுதி மேலே போய், சிறு பகுதி கருணையாக அவர்களிடமே திரும்பி வந்தது. அதற்கு அவர்கள் நன்றியும் செலுத்தினார்கள். மன்றத்துக்குப் போகும் எவரும் உதவி கேட்கலாம். ஆனால் நகரம் எப்படி நடக்கிறது என்று கேட்க அங்கே இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. அதற்கு அறநெறிப் பிரசாரம் முதற்காரணமன்று. 1930-களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்சி, வேலையில்லாதவருக்கும் முதியோருக்கும் உதவித்தொகையைச் சட்டத்தின் மூலமாகவே தரத் தொடங்கியது. தயவாக வந்தது உரிமையாக வந்தபோது, தயவு செய்பவருக்கு மதிப்புக் குறைவது இயல்பு. தேர்வெழுதி அரசாங்க வேலைக்குப் போகும் முறை விரிவடைந்தது. 1934 முதல் 1945 வரை மேயராக இருந்த லகார்டியா டாமனியின் பகைவர். அவர் காலத்தில் அவர்களுக்கு நகரத்தின் வேலைகள் கிட்டவில்லை.

தளர்ந்த டாமனியைத் தூக்கி நிறுத்த வந்தவரே நாம் முதலில் கண்ட டி சாப்பியோ. 1908-இல் கிரீனிச் வில்லேஜில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இளைஞராக இருந்தபோது அவ்வட்டாரம் ஓர் அயர்லாந்துக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்துப் போல இருந்தது. அவர் தமாவா மன்றம் என்ற ஒன்றை ஆதாரமாகக் கொண்டு அவர்களை எதிர்த்தார். ஒருமுறை வென்றும் பெரியவர்கள் அவரை ஏற்க மறுத்தார்கள். 1943-இல்தான் பதவியில் நிலைபெற முடிந்தது. பின்னாளில் எல்லோரும் பழைமையின் சின்னமாகக் கருதிய இம்மனிதர், முதலில் கலகக்காரராகவே அரசியலுக்குள் புகுந்தார் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1949-இல் அவர் டாமனியின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இத்தாலிய வம்சாவளியினர் அவரே. கண்நோயின் காரணமாக எப்போதும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பார். நல்ல உடை, மென்மையான பேச்சு. 1953-இல் ராபர்ட் வாக்னரை மேயராக்கினார். 1954-இல் ஹாரிமனைக் கவர்னராக்கினார். கட்சியில் ஒரு நல்ல சீர்திருத்தமும் அவர் காலத்தில் வந்தது. அதுவரை வட்டாரத் தலைவரைக் கட்சிக் குழுவினரே கூடித் தேர்ந்தெடுத்தனர். இனிக் கட்சி வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற ஏற்பாட்டுக்கு அவர் துணைநின்றார். தம் கிணற்றைத் தாமே வெட்டினார் என்று பிற்காலத்தவர் சொல்லுவதுண்டு. எனக்கு அவ்வாறு ஏளனம் செய்ய மனமில்லை.

இதற்கிடையில் பேட்டை மாறிக்கொண்டிருந்தது. கிரீனிச் வில்லேஜின் தெற்குப் பகுதியில் தாம்சன் தெரு, சல்லிவன் தெரு, மக்டூகல் தெரு ஆகியவற்றில் இத்தாலியத் தொழிலாளர் குடும்பங்கள் பழைய அடுக்குவீடுகளில் வாழ்ந்தன. வடக்கிலும் மேற்கிலும் வழக்கறிஞர், ஆசிரியர், எழுத்தாளர், பத்திரிகை அலுவலர் என்று புதிய குடிகள் பெருகினார்கள். 1952-இலும் 1956-இலும் அட்லாய் ஸ்டீவன்சன் என்னும் அறிவாளர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அதுவரை அரசியலைத் தீண்டாத இந்தப் புதியவர்கள் தெருமுனையில் நின்று பிரசாரம் செய்தார்கள். பெட்டி மேல் ஏறி நின்று பேசியவர்களுள் இளைஞர் காச்சும் ஒருவர். ஸ்டீவன்சன் இருமுறையும் தோற்றார். தோற்ற பிறகும் வீட்டுக்குப் போகாமல் சேர்ந்தே இருந்தவர்கள் அமைத்த மன்றமே வில்லேஜ் இண்டிபென்டண்ட் டெமாக்ரட்ஸ் என்பது. சுயேச்சை ஜனநாயகக் கட்சியினர் மன்றம் என்று நாம் அழைக்கலாம்.

பழைய மன்றத்தில் தலைவர் பேசுவார், மற்றவர் கேட்பர். புதிய மன்றத்தில் எல்லோரும் பேசினார்கள். கேட்பதற்குத்தான் ஆள் குறைவு. தலைவரையும் வேட்பாளரையும் உறுப்பினரே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். இவ்வகை மன்றங்களை நியூயார்க், சிக்காகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் ஆராய்ந்த ஜேம்ஸ் வில்சன் என்னும் பேராசிரியர் 1962-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களை அரசியலின் பொழுதுபோக்காளர் என்னும் பொருள்பட அவர் அழைத்தார். வேலைக்காகவோ சலுகைக்காகவோ வராமல், கொள்கையின் மீதும் முறையின் மீதும் உள்ள பற்றினால் வருபவர் என்பது அதன் கருத்து. அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இன்றும் முடிவாகச் சொல்ல முடியாது.

1957-இல் புதிய மன்றம் டி சாப்பியோவை எதிர்த்து நின்று தோற்றது. ஆனால் தோல்விக்கும் ஒரு பயன் இருந்தது. அதை அறிய வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்காவுக்குள் நாம் போக வேண்டும். அப்பேட்டையின் நடுவே, குழந்தைகள் விளையாடவும் முதியவர்கள் சதுரங்கம் ஆடவும் உள்ள திறந்தவெளி அது. நகரத்தின் சாலைகளையும் பாலங்களையும் பூங்காக்களையும் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், அதனூடே பெரிய சாலை ஒன்றைச் செலுத்தத் திட்டமிட்டார். ஏற்கெனவே அதன் வழியாக வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதை மேலும் பெரிதாக்குவது அவர் நோக்கம். 1952-இல் ஷர்லி ஹேஸ் என்ற, நான்கு பிள்ளைகளின் தாய், அண்டைவீட்டுத் தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்ப்பைத் தொடங்கினார். சாலையைக் குறுக்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. பூங்காவுக்குள் வண்டியே வரக்கூடாது என்றார். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளரும் சேர்ந்தார். கையெழுத்து வாங்கினார்கள், கடிதம் எழுதினார்கள், ஒவ்வொரு விசாரணைக்கும் குழந்தைகளோடு போய் உட்கார்ந்தார்கள். ஆறு ஆண்டுகள் இவ்வாறு சென்றன.

1958-இல் டி சாப்பியோ, நகரத்தின் செலவுகளை அனுமதிக்கும் குழுவின் முன் தாமே தோன்றி, பூங்காவை வண்டிகளுக்கு மூடிவிட வேண்டும் என்று தம் பேட்டை மக்களின் சார்பில் பேசினார். யாருக்கும் தெரியாமல் அறைக்குள் காரியம் முடிப்பவர் என்று பெயரெடுத்தவர், பகிரங்கமாக வந்து நின்றார். அவ்வாண்டு நவம்பரில் சோதனையாகச் சாலை மூடப்பட்டது. திறப்பு விழாவில் நாடா வெட்டுவார்கள். இது மூடும் விழா ஆகையால், சிறுமியர் நாடாவைப் பிடித்திருக்க, அதைக் கட்டினார்களாம். அடுத்த ஆண்டு அது நிரந்தரமாயிற்று. டி சாப்பியோ அப்பேட்டையில் பிறந்தவர். பூங்காவின் மீது அவருக்கு உண்மையான அன்பு இருந்திருக்கலாம். ஆயினும், பக்கத்துத் தெருவில் ஒரு போட்டி மன்றம் முளைத்து, மறுபடியும் தேர்தலுக்கு வரப்போகிறது என்ற நினைவு அவருக்கு இல்லாதிருந்தால், அவ்வளவு உரக்கப் பேசியிருப்பாரா என்பது என் ஐயம்.

அதே 1958-இல் கட்சியின் மாநில மாநாட்டில் தம் விருப்பப்படி ஒருவரைச் செனட் வேட்பாளராகத் திணித்ததனால், டி சாப்பியோ பெரியவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினார் அம்மையாரும், முன்னாள் கவர்னர் லேமனும் 1959-இன் தொடக்கத்தில் சீர்திருத்த மன்றங்களுக்கு ஆதரவாக ஒரு குழு அமைத்தனர். அவ்வாண்டு நடந்த வட்டாரத் தேர்தலில் டி சாப்பியோ மிகக் குறைந்த வேறுபாட்டில்தான் தப்பினார். 1961-இல், அவர் உருவாக்கிய மேயர் வாக்னரே அவரை விட்டு விலகி, முதலாளிகளின் ஆட்சி ஒழிக என்று முழங்கத் தொடங்கினார். இங்கே முதலாளி என்பது கட்சி முதலாளி. அதே ஆண்டில் வில்லேஜின் மேற்குப் பகுதியைச் சேரி என்று குறித்து இடித்துக் கட்டும் திட்டம் ஒன்றை நகர அதிகாரிகள் வெளியிட, ஜேன் ஜேக்கப்ஸ் தலைமையில் குடியிருப்போர் கிளர்ந்தனர். தேர்தல் நெருங்க நெருங்க, மேயருக்கு அத்திட்டத்தின் மீதிருந்த ஆர்வம் குறைந்தது. 1962-இன் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. 1961 செப்டம்பரில் நடந்த தேர்தலில் புதிய மன்றத்தின் வேட்பாளர் ஜேம்ஸ் லானிகன் வென்றார். தம் வட்டாரத்திலேயே தோற்ற டி சாப்பியோ டாமனியின் தலைமையையும் இழந்தார். பெரிய மரம் சாய்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் மரம் வேரோடு சாயவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் மறுபடியும் நின்றார் என்பதே அதற்குச் சான்று. தாம்சன் தெருவிலும் சல்லிவன் தெருவிலும் வாழ்ந்த பழங்குடிகளுக்கு அவர் இன்னும் நம்முடையவர். வாடகை உயர்ந்தால், மகனுக்கு வேலை போனால், போய்க் கதவைத் தட்டக்கூடியவர். புதிய மன்றத்திலும் இலவசமாகச் சட்ட ஆலோசனை தந்தார்கள். வீட்டுக்காரரோடு உள்ள வழக்குக்கு வழக்கறிஞர் கிடைப்பார். எனினும் ஆங்கிலம் தடுமாறும் ஒரு பாட்டி அங்கே போனால், கூடத்தில் அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும். படித்தவர் கூட்டத்தில் படியாதவர் வாய் திறக்கத் தயங்குவது நம் ஊர்க் கிராமசபைகளிலும் காணும் காட்சிதான். தலைவர் ஒருவரே பேசிய மன்றத்தில் பாட்டிக்குக் குரல் இல்லை. எல்லோரும் பேசிய மன்றத்திலும் பாட்டிக்குக் குரல் இல்லை. முதல் மன்றத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும் விசாரிப்பும் கிடைத்தன.

இதை உணர்ந்தவர் காச். 41 வாக்கில் வென்ற மனிதருக்கு, தமக்கு எதிராக வாக்களித்த பாதிப்பேரை மறக்க வழியில்லை. அந்தத் தேர்தலே இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்களிப்பில் முறைகேடுகள் நிகழ்ந்தன என்று டி சாப்பியோ வழக்குத் தொடர, மறுதேர்தல் நடத்த நீதிமன்றம் ஆணையிட்டது. இடைப்பட்ட மாதங்களில் காச் கையிலெடுத்த பிரச்சினை மக்டூகல் தெருவின் இரைச்சல். அங்கே காப்பிக்கடைகளும் இசைக்கூடங்களும் பெருகி, வார இறுதியில் வெளியிலிருந்து இளைஞர் கூட்டம் வந்து விடியும்வரை தெருவை நிறைத்தது. மேல்மாடியில் குடியிருந்த இத்தாலியத் தொழிலாளிகள் தூங்க முடியாமல் தவித்தார்கள். புதிய மன்றத்தைச் சேர்ந்தவர் பலருக்கு அந்தக் கடைகளும் அந்தப் பாட்டுகளும் மிகப் பிடித்தமானவை. பேட்டையின் புகழே அவற்றால்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். காச் தம் தோழர்களின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல், தூக்கம் இழந்தவர் பக்கம் நின்றார். தெருவுக்குப் போனார், மனுக்களைச் சுமந்தார், காவல்துறையையும் நகர அலுவலகங்களையும் நச்சரித்தார். இத்தாலியர் வாக்குக்காகவே செய்தார் என்று கூறுவோர் உண்டு. ஆம், வாக்குக்காகவும்தான். வாக்குக்காக ஒருவர் ஏழையின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டால், அதில் நான் குற்றம் காண மாட்டேன்.

1964-இல் மறுதேர்தல் நடந்தது. காச் மீண்டும் வென்றார்; வேற்றுமை 164. மறு ஆண்டு, 1965-இல், மூன்றாம் முறையும் டி சாப்பியோ தோற்றார். இம்முறை இடைவெளி இன்னும் பெரிது. அதன்பின் அவர் போட்டியிடவில்லை.

முதல் நாற்பத்தொருவர் யார் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு. இரகசிய வாக்கெடுப்பாகையால் அறிய வழியில்லை, அறியவும் கூடாது. வாக்குச்சாவடியில் தலைமை அலுவலராகப் பலமுறை அமர்ந்திருக்கிறேன். மாலை நேரத்தில், கதவு மூடுவதற்குச் சற்று முன், யாராவது ஒரு தொழிலாளி வேலை முடிந்து வியர்வையோடு ஓடி வருவார். விரலில் மை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். யார் அவரிடம் போய் என்ன சொன்னார்கள், யார் அவர் வீட்டுச் சாவுக்கு வந்தார்கள், எந்தக் கூட்டத்தில் அவரை உட்காரச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த முகத்தில் எழுதியிருக்காது. அத்தகைய நாற்பத்தொருவர்.

மன்றங்களின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். டாமனி ஹால் 1960-களின் நடுவில் பெயரளவில் நின்று, பிறகு மறைந்தது. சுயேச்சையாளர் மன்றமோ இன்றும் அப்பேட்டையில் இயங்கிவருகிறது. டி சாப்பியோ ஒரு இலஞ்சச் சதி வழக்கில் 1969-இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றுச் சிறை சென்றார். காச் நகரசபைக்கும், பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1978 முதல் 1989 முடிய நியூயார்க்கின் மேயராக இருந்தார். தெருவில் எதிர்ப்படுவோரைப் பார்த்து, "நான் எப்படி இருக்கிறேன், வேலை சரியாகச் செய்கிறேனா?" என்று கேட்பது அவருடைய வழக்கம். அந்தக் கேள்வியினாலேயே நாடெங்கும் அறியப்பட்டார். அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில், பழைய பாணிக் கட்சித் தலைவர்கள் சிலருடைய ஊழல்கள் வெடித்தபோது, அவர்களோடு உறவு வைத்திருந்ததற்காக அவரும் குறைகூறப்பட்டார். 1989-இல் நான்காம் முறையாகப் போட்டியிட்டபோது, கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் டேவிட் டிங்கின்ஸ் என்பவரிடம் தோற்றார். டிங்கின்ஸ் ஹார்லம் என்ற கறுப்பர் பேட்டையின் மன்ற அரசியலில் வளர்ந்தவர். அவரும் முன்னர் வட்டாரத் தலைவராக இருந்தவரே.

டி சாப்பியோ 2004-ஆம் ஆண்டு, தம் 95-ஆம் வயதில் காலமானார், காச் 2013-இல்.